ஏழு குடம் சம்மதம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற எல்லோருக்கும் நாலு கால். படிக்கும்போது யாருக்காவது தன்னுடைய இரண்டு காலும் கூசினால் அதற்கு நான் பொறுப்பில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டலாம்.

திருவாதவூரிலிருந்து மதுரைக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கொஞ்ச தூரம் வயல், கொஞ்ச தூரம் பிளாட் கல் என்று மாறி மாறி வந்து, நடுவில் கருவேலம் மண்டிய ஒரு கண்மாய் தெரியும். இரண்டு வருடமாகத் தண்ணீர் இல்லை. அங்கேதான் அனைத்துக் கால்நடைகள் மேய்ச்சல் உரிமைப் பாதுகாப்புப் பேரவையின் ஆட்சி நடக்கிறது. பெயரில் உள்ள ஆறு சொற்களில் மேய்ச்சல் என்பது மட்டும் உண்மை. மேய்கிறவர் தலைவர்.

தலைவர் நல்லகாமன், ஒரு கோயில் காளை. வாடிவாசலை அவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், அதுவும் பின்பக்கத்திலிருந்து. போஸ்டரில் மட்டும் அவர் திமிலைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் தொங்குவார்கள். செயலாளர் கிளமெண்ட் என்கிற நாய். மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர் வீட்டு வாசலில் வளர்ந்து, பிறகு கோரிப்பாளையம் சிக்னலில் மூன்று வருடம் இருந்தவர். அந்தச் சிக்னலில் மூன்று வருடம் அடிபடாமல் இருந்தவருக்கு நிர்வாகம் தெரியாமலா இருக்கும் என்று தலைவர் அவரை அழைத்துப் பதவி கொடுத்தார்.

செய்தித் துறையைப் பார்த்துக்கொண்டவர் ரோகிணி. வண்டியூர்த் தெப்பக்குளம் பக்கம் சுவர் போஸ்டர்களைத் தின்றே வளர்ந்த பசு. பேரவையின் போஸ்டர் சாயங்காலம் ஒட்டப்படும். மறுநாள் விடிந்ததும் ரோகிணி வந்து பசையோடு சேர்த்துத் தின்றுவிடுவார். அதனால் பேரவையின் எந்த வாக்குறுதியும் ஒரு நாளுக்கு மேல் சுவரில் இருந்ததில்லை. மீறப்பட்ட வாக்குறுதி என்று ஒன்றையும் இன்றுவரை யாராலும் காட்ட முடியவில்லை. இம்மாதிரி ஒரு துறை வேறு எந்த நாட்டில் இவ்வளவு சுத்தமாக நடக்கிறது, சொல்லுங்கள்.

பேரவையின் முக்கியமான வேலை நகரத்துக்குத் தூதர் அனுப்புவது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதுரையிலிருந்து ஒரு வேன் வரும். பன்னிரண்டு ஆடுகள் தூதர்களாக ஏறிப் போகும். தூதர்களுக்கு நகரத்தில் நல்ல வரவேற்பு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்கு வீடு அவர்கள் பேச்சுத்தான், விசேஷ வீடுகளில் தலைவாழை இலையில் முதல் மரியாதை அவர்களுக்கே என்று போஸ்டர் சொல்லும். ஒரு தூதர்கூடத் திரும்பி வந்ததில்லை. திரும்பி வர மனமே இல்லாத அளவுக்கு வசதி என்று அதற்கும் ஒரு போஸ்டர் உண்டு.

வேன் வெறும் கையோடு வராது. தலைவருக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் மூட்டையாக வரும். கிளமெண்டுக்குத் தனியாக ஒரு பை வரும். ஆண்டு விழாவில் அவரே இதை மேடையில் விளக்கினார். "நான் சம்பளம் வாங்குவதில்லை. தூதர்கள் தங்கள் நினைவாக அன்போடு விட்டுச்செல்லும் சில பொருள்களை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். அவற்றை நான் வீணாக்குவதில்லை. உறிஞ்சி முடித்தபிறகும் பத்திரமாகப் புதைத்து வைக்கிறேன்." எல்லோரும் கைதட்டினார்கள், அதாவது குளம்பைத் தட்டினார்கள்.

ஆடுகளுக்கு விஷயம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பெயர் முன்னால் வரும் என்பதும் தெரியும்.

ஆனால் பேரவை சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சட்டத்தின் முதல் விதி, யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்பக்கூடாது. சம்மதம் வாங்கும் முறையைத் தலைவர் கோயிலிலிருந்தே கொண்டுவந்திருந்தார். கோயில்களில் கிடாய் வெட்டுவதற்கு முன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதே முறைதான் இங்கேயும். அழகர்கோவில் மலையிலிருந்து அயல்பணியில் வந்திருந்த இரண்டு குரங்குகள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றும். ஆடு சிலுப்பும். கிளமெண்ட் சொல்லச் சொல்ல ஒரு குரங்கு நோட்டில் எழுதும், "மனமுவந்து சம்மதித்தார்." பேரவை தொடங்கிய நாளிலிருந்து மறுத்தவர் ஒருவரும் இல்லை. நூற்றுக்கு நூறு. உலகத்திலேயே இப்படிப்பட்ட ஜனநாயகம் இதுதான் என்று ரோகிணி எழுதி ஒட்டி, மறுநாள் தின்றார்.

இந்தச் சூழ்நிலையில்தான் மாயக்காளின் மகன் சிவபாண்டியின் பெயர் பட்டியலில் வந்தது.

மாயக்காள் திருவாதவூர்ப் பக்கத்து வெள்ளாடு. மூன்று ஈற்றில் ஐந்து குட்டி போட்டு நான்கைத் தூதராக அனுப்பியவள். மிச்சம் சிவபாண்டி ஒருவன்தான். இடது காது மட்டும் வெள்ளை. எதைப் பார்த்தாலும் ஏறி நிற்பான், கரையில், கல்லில், படுத்திருக்கிற எருமை முதுகில். வயது ஆறு மாதம்கூட நிறையவில்லை. வழக்கமாக ஒரு வயது தாண்டியவர்களைத்தான் அனுப்புவார்கள். இந்த முறை பேரவை இளைஞர்களுக்கு வாய்ப்பளிக்கத் தீர்மானித்திருந்தது.

பொதுக்கூட்டம் ஐப்பசி முதல் சனிக்கிழமை பிற்பகலில் கூடியது. தலைவர் கண்மாய்க் கரையில் நின்று பன்னிரண்டு பெயரையும் வாசித்தார். பன்னிரண்டாவது பெயர் சிவபாண்டி. மாயக்காள் வாயைத் திறக்கப்போன நேரத்தில் வானம் திறந்துகொண்டது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த மழை. சடசடவென்று இறங்கியது. கூட்டத்தில் இருந்த நானூறு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். நனைந்தால் ஆடு என்ன செய்யும்? நானூறு பேரும் ஒரே நேரத்தில் உடம்பைச் சிலுப்பினார்கள்.

தலைவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிளமெண்டைப் பார்த்தார். கிளமெண்ட் குரங்கைப் பார்த்தார். குரங்கு எழுதத் தொடங்கியது.

"என் உயிரினும் மேலான உறவுகளே!" என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. "ஒரு குடத்துக்கு ஒருவர் என்று நாம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்று வானமே குடத்தைக் கவிழ்த்துக் கேட்டது. நானூறு பேரும் சிலுப்பினீர்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான் இதுவரை கேட்டதை யாரும் மறுத்ததில்லை. மறுக்க வாய் திறந்தவர் எவரும் இன்று நம்மிடையே இல்லை. நம் ஒற்றுமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

கூட்டம் குளம்பைத் தட்டியது. தட்டாத குளம்பு மாயக்காளுடையது மட்டும்தான். அவள் பக்கத்தில் நின்ற இன்னாசியம்மாள் என்கிற செம்மறி, அவள் விலாவில் முட்டினாள்.

"மதினி, தட்டு. பாக்குறாக."

"எம் மகன் பேரு வந்திருக்கு இன்னாசி."

"அதுக்குத்தான் சொல்றேன். இளைஞர் பிரதிநிதியாம்ல. எம் பிள்ளைகள்ல ஒண்ணுக்குக்கூட அப்பிடி ஒரு பேரு கெடைக்கல."

மறுநாள் காலையில் மாயக்காள் அலுவலகத்துக்குப் போனாள். கரையோரம் கைவிடப்பட்ட பம்புசெட் அறைதான் அலுவலகம். வாசலில் கோணிச் சாக்கில் கிளமெண்ட் படுத்திருந்தார். முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு நினைவுப் பொருள் இருந்தது. மாயக்காள் அதைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"பேரவைல தப்பு நடக்காதும்மா. என்னன்னு சொல்லு."

"எம் பய நேத்து சிலுப்புனது சம்மதத்துக்கு இல்லண்ணே. மழை பேஞ்சுச்சு. நனைஞ்சான். அதான் சிலுப்புனான்."

கிளமெண்ட் பொருளைக் கீழே வைத்துவிட்டு அவளை அனுதாபத்தோடு பார்த்தார்.

"நனைஞ்சாத்தானம்மா எல்லாரும் சிலுப்புவாக. நனையாம யாராச்சும் சிலுப்புவாகளா? அதுக்குத்தான நாங்க நனைக்கிறோம்?"

மாயக்காள் இதை யோசித்தாள். எங்கேயோ இடித்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"அப்ப, சம்மதம் இல்லாதவுக நனைஞ்சா என்ன செய்வாக?"

"சிலுப்பாம நிப்பாக."

"அப்பிடி யாராச்சும் நின்னிருக்காகளாண்ணே?"

"இல்லையே. அதான் சொல்றேன், சம்மதம் இல்லாதவுக இதுவரைக்கும் நம்ம கண்மாயில பொறக்கவே இல்ல."

மாயக்காள் போகவில்லை. அப்படியே நின்றாள். அவள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. வெயில் ஏறி, கிளமெண்ட் சாக்கை நிழலுக்கு இழுத்துப் போட்டுப் படுத்து, தூங்கி எழுந்து பார்த்தபோதும் அவள் அங்கேயேதான் நின்றாள். அதிகாரிகளுக்கு இதுதான் பிடிக்காது. கத்துகிறவர்களைத் துரத்திவிடலாம். சும்மா நிற்கிறவர்களை என்ன செய்வது என்று அவர்கள் படித்த எந்த விதியிலும் இல்லை.

"செரி, ஒண்ணு செய்யலாம்," என்றார் கிளமெண்ட் கடைசியில். "மறுப்பு விசாரணைன்னு சட்டத்துல ஒண்ணு இருக்கு. யாரும் இதுவரை கேட்டதில்ல. வெள்ளிக்கெழம மத்தியானம் தலைவர் முன்னாடி ஒம் பய தலையில மூணு கொடம் ஊத்துவோம். மூணுக்கும் சிலுப்பாம நின்னுட்டான்னா பேர எடுத்துருவோம்."

"மூணு கொடந்தானண்ணே?"

"மூணுதான். போஸ்டரே ஒட்டச் சொல்றேன், போதுமா?"

மாயக்காள் ஓடினாள். வயசான ஆடு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கண்மாய்க்குக் கிழக்கே ஒரு வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் வாயில் தண்ணீர் தொட்டியில் விழும். மாயக்காள் முதலில் தானே அதன் கீழே போய் நின்றாள். தலையில் தண்ணீர் விழுந்த அடுத்த நொடியே முதுகுத்தோல் தானாகத் துடித்தது. அடக்கப் பார்த்தாள். தோள் ஒரு பக்கம் போனது, வால் ஒரு பக்கம் போனது. பதினேழாவது தடவை சிலுப்பாமல் நின்றாள். பிறகுதான் மகனைக் கூப்பிட்டாள். இது ஆகிற காரியம் என்று தனக்கே தெரியாமல் பிள்ளையிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"பல்லக் கடிச்சுக்க. வால ரெண்டு காலுக்கு நடுவுல இறுக்கு. காத மடக்கிக்க அய்யா."

"எதுக்கு ஆத்தா சிலுப்பக்கூடாது?"

"சிலுப்புனா வேன்ல ஏத்திருவாக."

"வேன்ல ஏறுனா?"

மாயக்காள் அவன் வெள்ளைக் காதை நக்கினாள். சிவபாண்டி அவள் முகத்தையே பார்த்தான். அப்புறம் அந்தக் கேள்வியை அவன் திரும்பக் கேட்கவில்லை. குழாய்க்குக் கீழே போய் நின்றான்.

முதல் நாள் சொட்டுப் பட்டதும் சிலுப்பினான். இரண்டாம் நாள் நாலு மூச்சு விடும் நேரம் நின்றான். மூன்றாம் நாள் வயல்காரர் குச்சியை எடுத்துக்கொண்டு துரத்தினார். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் திரும்ப வந்தார்கள். காதுக்குள் தண்ணீர் போகும்போதுதான் சிவபாண்டியால் முடியவில்லை. மாயக்காள் தொட்டி விளிம்பில் முன்னங்கால்களை வைத்து எட்டி, தன் முகவாயை அவன் வெள்ளைக் காதின் மேல் வைத்து மூடினாள். இப்படி நின்று பழகு, அப்புறம் நான் எடுத்துவிடுகிறேன் என்றாள். புதன்கிழமை மத்தியானம் முகவாயை எடுத்தாள். அவன் நின்றான். குளிரில் பல் கிடுகிடுத்தது, கண்ணை இறுக்கி மூடியிருந்தான், ஆனால் நின்றான்.

மாயக்காளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனை நக்கி நக்கியே காயவைத்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பேரவையும் சும்மா இருக்கவில்லை. மறுப்பு விசாரணை என்ற செய்தி தலைவர் காதுக்குப் போனதும், அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு ரோகிணி வந்து காதில் ஏதோ சொன்னார். அதன்பிறகு தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பம்புசெட் அறைச் சுவரில் போஸ்டர் வந்தது. "மறுப்புரிமை தந்த மாமன்னரே! மூன்று குடத்தில் நீதி காணும் மூதறிஞரே!" நடுவில் தலைவர் படம் பெரிதாக, கீழே ஓரத்தில் தபால்தலை அளவுக்குச் சிவபாண்டி.

வியாழக்கிழமை காலையில் மாயக்காள் அந்தப் பக்கம் போனபோது சுவரில் வேறு போஸ்டர் இருந்தது. "ஏழு குடத்தில் நீதி காணும் மூதறிஞரே!"

கீழே ரோகிணி அசைபோட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, மூணு கொடம்னுதான போட்டிருந்துச்சு?"

"எங்க போட்டிருந்துச்சு?"

"இங்கதான். இதே செவத்துல. ரெண்டு நாளைக்கு முன்னாடி."

ரோகிணி மென்றதை நிதானமாக விழுங்கினார். "ரெண்டு நாளைக்கு முன்னாடி இருந்த போஸ்டரக் காட்டு, பாப்போம்."

"நீங்கதானக்கா தின்னீக. வாயோரத்துல இன்னும் பசை இருக்கு."

"இந்தா பாரு மாயக்கா, நான் பொறந்ததுலருந்து போஸ்டர்தான் திங்கிறேன். எதுலயும் என்ன எழுதிருக்குன்னு நான் படிச்சதில்ல. படிச்சா செரிக்காது."

இதைவிட நேர்மையான ஒரு வாக்குமூலத்தை நான் எந்தச் செய்தித் துறையிடமிருந்தும் கேட்டதில்லை.

மாயக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு மறுபடி குழாயடிக்குப் போனாள். ஏழு குடத்துக்குப் பழக ஒரே ஒரு பகல்தான் இருந்தது. ஐந்துவரை நின்றான். ஆறில் கால் மடங்கியது. தூக்கி நிறுத்தினாள். பொழுது இறங்கும்போது ஏழுக்கும் நின்றான். அவன் உதடு நீலமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விசாரணை என்பது மறுப்புரிமைத் திருவிழாவாக மாறியிருந்தது. கரை முழுக்கத் தோரணம். மேடையில் தலைவர், இரண்டு பக்கமும் எருமைகள். காலை பத்து மணியிலிருந்து வாழ்த்துரை. ஒரு பன்றி பேசினார், ஒரு கழுதை பேசினார். மறுக்கும் உரிமையை வழங்கிய தலைவரை யாரும் மறுக்கக்கூடாது என்று இருவரும் வலியுறுத்தினார்கள். வேன் கருவேல மர நிழலில் என்ஜினை அணைக்காமல் நின்றது. மற்றப் பதினொரு தூதர்களும் ஏறியாகிவிட்டது. பின்கதவு திறந்தே இருந்தது.

தலைவர் எழுந்தார்.

"உறவுகளே! சிலர் கேட்கிறார்கள், நல்லகாமன் ஆட்சியில் மறுக்க முடியுமா என்று. கேட்டவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு இன்று பதில் கிடைக்கும். இதோ, ஒரு ஏழைத் தாயின் மகன். இவனுக்கு ஏழு குடம் வரை மறுக்க அனுமதி அளித்திருக்கிறேன். எட்டாவது குடம் வேண்டுமென்றாலும் தருவேன். தண்ணீர் உங்களுடையது, கொடுக்கிற மனசு என்னுடையது!"

சிவபாண்டியை மேடைக்கு முன்னால் ஒரு கல்லின் மேல் நிறுத்தினார்கள். கல் மேல் ஏறச் சொன்னதும் அவன் பழக்கதோஷத்தில் துள்ளித்தான் ஏறினான். மாயக்காள் நாலடி தள்ளி நின்றாள். அதற்குமேல் நெருங்க விடவில்லை.

முதல் குடம். நின்றான். இரண்டாவது. நின்றான். கூட்டத்தில் பேச்சு நின்றது. மூன்றாவது குடத்தைக் குரங்குகள் வேண்டுமென்றே காதுக்குள் ஊற்றின. மாயக்காள் தன் பல்லைக் கடித்தாள், தன் வாலை இறுக்கினாள். நான்கு. ஐந்து. ஆறாவது குடத்தில் அவன் பின்னங்கால் லேசாக மடங்கி, மறுபடி நிமிர்ந்தது. இன்னாசியம்மாள் தன்னை அறியாமல், "விட்றாத சாமி," என்றாள். சொன்னபிறகு பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கண்மாயில் நானூறு பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

ஏழாவது குடமும் தீர்ந்தது. சிவபாண்டி நின்றான்.

கிளமெண்ட் தலைவரைப் பார்த்தார். தலைவர் ரோகிணியைப் பார்த்தார். ரோகிணி தலையை ஆட்டினார். தலைவர் புன்னகை செய்தார்.

"மறுப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது! சிவபாண்டி போகவேண்டியதில்லை!"

கூட்டம் தட்டிய தட்டில் கரை மண் சரிந்தது. இந்த முறை மாயக்காளும் தட்டினாள். யாரும் தடுக்காததால் ஓடிப்போய் மகனைத் தொட்டாள். அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கட்டை மாதிரி விறைத்து நின்றான். உடம்பு ஐஸாக இருந்தது, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. முடிந்துவிட்டது என்பது அவனுக்குப் புரியவில்லை. எந்தத் தாய்தான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்?

"முடிஞ்சிருச்சு சாமி. செயிச்சாச்சு. ஒடம்பு விறைச்சுப்போச்சே அய்யா, சிலுப்பிக்க. இனிமே சிலுப்பலாம்."

சிவபாண்டி கண்ணைத் திறந்து ஆத்தாவைப் பார்த்தான். பிறகு தலையிலிருந்து வால்வரைக்கும், ஐந்து நாளாக அடக்கி வைத்த அத்தனையும் சேர்த்து, ஆனந்தமாகச் சிலுப்பினான். தண்ணீர் தலைவர் முகத்தில்கூடத் தெறித்தது.

"பார்த்தீர்களா!" என்று தலைவர் கூவினார். "யாரும் ஊற்றவில்லை! யாரும் கேட்கவில்லை! மறுக்கும் உரிமை முழுதாகக் கிடைத்தபிறகும், தானாகவே, மனமார, சம்மதித்துவிட்டான் இந்த இளைஞன்! இவனல்லவா தூதன்!"

குரங்கு ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தது.

மாயக்காளுக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் மேடையில் முட்டிக்கொண்டு ஏறினாள்.

"செல்லாது! செல்லாதுங்கய்யா! அவன் சம்மதிக்கல. நாந்தான் சிலுப்பச் சொன்னேன். ஆறு மாசங்கூட நெறையாத பச்சப்புள்ள, ஆத்தா சொன்னா செஞ்சுட்டான். அவனுக்கு என்ன தெரியும்? நாந்தான் சொன்னேன். எல்லாரும் கேட்டாக. இன்னாசி, நீ கேட்டியா இல்லையா? சொல்லுடி!"

இன்னாசியம்மாள் தலையைக் குனிந்தபடி, "ஆமாங்கய்யா. மதினிதான் சொன்னா. நான் கேட்டேன்," என்றாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான்.

கிளமெண்ட் காதை நிமிர்த்தினார். குரங்கிடமிருந்து நோட்டை வாங்கிப் பின்பக்கம் புரட்டினார். முகம் சட்டென்று மாறியது.

"தலைவரே, ஒரு நிமிஷம். பையன் மைனர். பதினொண்ணாவது விதி இருக்கு. நம்ம யாருமே கவனிக்கல. மைனர் சிலுப்புனா செல்லாது. அந்தம்மா சொல்றது சரிதான்."

தலைவரின் தாடை தொங்கியது. கூட்டத்தில் சலசலப்பு. சட்டம் ஒன்று தன் பக்கம் இருக்கிறது என்பதை மாயக்காள் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டாள்.

கிளமெண்ட் அடுத்த வரியையும் படித்தார்.

"ஆனா, பெத்த தாய் சாட்சிகளுக்கு முன்னாடி நின்னு சிலுப்பச் சொல்லி, அதுக்கப்புறம் மைனர் சிலுப்புனா செல்லும்." நோட்டை மூடினார். மாயக்காளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, நிஜமான நன்றியோடு சொன்னார், "நல்ல வேளை நீங்களே வந்து சொன்னீகம்மா. சாட்சியவும் கூட்டியாந்தீக. இல்லாட்டி இன்னைக்கு ஒரு பெரிய சட்டச் சிக்கல் ஆயிருக்கும்."

எருமைகள் மேடையிலிருந்து இறங்கின. அவை யாரையும் தள்ளவில்லை, அடிக்கவில்லை. பேரவையில் அந்தப் பழக்கம் கிடையாது. கல்லிலிருந்து வேன்வரைக்கும் இரண்டு வரிசையாக நின்று வழி விட்டன, அவ்வளவுதான். வழி ஒன்றுதான் இருந்தது. சிவபாண்டி அதில் நடந்தான். வேன் படியைக் கண்டதும் ஒரு துள்ளு துள்ளி ஏறிக்கொண்டான்.

மாயக்காள் வேனுக்குப் பின்னால் போய் நின்றாள். ரோகிணி வந்து அவள் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார். தூதரின் தாய்க்குப் பேரவை தருவது. சாமந்தி மாலை. படம் எடுப்பதற்காகக் கதவைச் சாத்தாமல் காத்திருந்தார்கள்.

பதினொரு பேருக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு சிவபாண்டி தலையை நீட்டினான். முடி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"ஆத்தா, நான் ஏழு கொடத்துக்கும் ஒழுங்காத்தான நின்னேன்?"

"நின்ன சாமி," என்றாள் மாயக்காள். "ஒழுங்காத்தான் நின்ன."

"அப்பறம் ஏன்?"

கதவைச் சாத்தினார்கள்.